எற்பாடும் வலைப்பாடும்

ஞாயிறு எவருக்கும் உடைமையன்று. அதனை வேலியிட்டு அடைத்தவர் இல்லை. உறுதி எழுதி விற்றவரும் இல்லை. ஆயினும் அது கடலிற் படும் காட்சியை எவ்விடத்தில் நின்று காண்பது என்பது இன்று விலைபேசப்படும் பொருளாகிவிட்டது. கரிபியன் தீவுகளிலாயினும் மாலைதீவிலாயினும் நம் நாட்டின் மேற்குக் கரையிலாயினும், சாளரம் மேற்குப் பார்த்த அறைக்கு ஒரு வாடகை, பார்க்காத அறைக்கு வேறொரு வாடகை. மறைவது எல்லார்க்கும் பொதுவான சூரியன். நிற்கும் மண் மட்டும் யாரோ ஒருவருடையது. இந்தச் சிறு வேறுபாட்டினுள் ஒரு முழுப் பொருளாதாரம் அடங்கியிருக்கின்றது. ஓர் ஒழுக்கப் பிரச்சினையும் அடங்கியிருக்கின்றது என்பது நமது கருத்து.

ஒழுக்கப் பிரச்சினையா என்று நகைப்போர் உளர். ஒருவர் தம் விடுமுறை நாளின் மாலைப் பொழுதை மாடியில் நின்று கழித்தால் என்ன, மணலில் அமர்ந்து கழித்தால் என்ன, அதனால் யாருக்கு நட்டம் என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டி வரை சென்றாற் போதும்.

கற்பிட்டி வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு மணற் குடாநாடு. அதன் கிழக்கே புத்தளம் களப்பு. மேற்கே திறந்த கடல். ஊரும் துறையும் கோட்டையும் களப்பை அண்டியே அமைந்தன. ஒல்லாந்தர் 1667இல் அக்கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது சூரியாஸ்தமனத்தை மனத்திற்கொண்டு இடம் தேர்ந்தார்களில்லை. கண்டி இராச்சியத்தின் வாணிப வாயிலொன்றைத் தம் பிடிக்குள் வைத்திருப்பதே அவர்கள் நோக்கம். கண்டக்குளி, குடாவ, ஆலங்குடா, தலவில எனத் தொடரும் மேற்குக் கரையோ அலையும் காற்றும் மோதும் மணல். அங்கே வாழ்ந்தவர்கள் மீனவர். தமிழும் சிங்களமும் பேசுவோர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் அக்கரையிற் கலந்திருந்தனர். அந்த மணலுக்குச் சந்தையிற் பெருவிலை இருந்ததில்லை. ‘காட்சி’ என்ற சரக்கு கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அதன் விலை ஏறிற்று.

உள்நாட்டுப் போர் 2009இல் முடிவுற்றதை அடுத்து, கற்பிட்டியை ஒரு பெரும் உல்லாசப் பயண வலயமாக்கும் திட்டம் முனைப்புப் பெற்றது. குடாநாட்டின் கரைகளோடு களப்பின் வாயிலிலும் அதற்கப்பாலும் கிடக்கும் 14 தீவுகளும் அத்திட்டத்துள் அடக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான படுக்கைகள் கொண்ட விடுதிகள், கோல்ஃப் மைதானம், விமான ஓடுபாதை எனத் திட்ட வரைபடம் விரிந்தது. வரைபடத்தில் அத்தீவுகள் வெறும் நிலமாகவே தோன்றின. உண்மையில் பத்தலங்குண்டு, உச்சமுனை போன்றவை மீனவர் வாழும் இடங்கள். பருவத்துக்குப் பருவம் பிற கரைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து வாடியடித்துத் தொழில் செய்யும் இடங்கள். நிலங்கள் முதலீட்டாளருக்குக் குத்தகையாகப் போயின. தலைமுறையாகக் கடலுக்கு நடந்த பாதைகள் வேலிகளால் மறிக்கப்படுவதாக மீனவர் அமைப்புகள் முறையிட்டன. கூட்டங்களும் ஊர்வலங்களும் நிகழ்ந்தன. வரைந்த அளவுக்குத் திட்டம் நிறைவேறவில்லை என்பது மெய்யே. ஆனால் ஒரு மீனவனின் பாதையை அடைக்க முழுத் திட்டமும் நிறைவேறவேண்டியதில்லை. நான்கு கட்டையும் ஒரு சுருள் முட்கம்பியும் போதும்.

இது கற்பிட்டிக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலோரத்திற் குடியிருப்பது ஆபத்து என்று சொல்லி மீனவரைக் கரையிலிருந்து விலக்கிய தடைவலயம், அறுகம்குடா போன்ற இடங்களில் விடுதிகளுக்கு அத்துணைத் தடையாக இருக்கவில்லை. ஒரே அலை குடிசைக்கு ஆபத்து, ஹோட்டலுக்கு ஆபத்தன்று என்ற விஞ்ஞானம் எங்கே கற்பிக்கப்படுகின்றது என்று நாம் அறியோம். ஜமெய்க்காவில், குடியேற்ற ஆட்சிக் காலத்தில் 1956இல் இயற்றப்பட்ட கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கடற்கரையைப் பயன்படுத்தும் பொது உரிமையை மக்களுக்கு வழங்கவில்லை. கடலாற் சூழப்பட்ட ஒரு தீவின் மக்கள் தம் கடலிற் குளிக்கும் உரிமைக்காகச் சுதந்திரம் பெற்றுப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் வழக்காடவும் கிளர்ச்சி செய்யவும் வேண்டியிருக்கின்றது. நம் நாட்டில் அலை நனைக்கும் கரை அரசின் உடைமை. அங்கு எவரும் நடக்கலாம். ஆனால் அக்கரையை அடையும் ஒற்றையடிப் பாதையை அடைத்துவிட்டால், பொதுக்கரை பெயரளவில் மட்டுமே பொதுக்கரையாகின்றது.

இவ்விடத்து அழகியல்வாதிகள் ஒரு தடை எழுப்பக்கூடும். நிலப் பிரச்சினையை நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். சூரியாஸ்தமனத்தின் அழகுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது அவர்கள் வாதம். இதன் வேரை ஜெர்மானியத் தத்துவஞானி காண்டிடம் காணலாம். 1790இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஒரு மாளிகையை உதாரணமாகக் கொள்கின்றார். மாளிகை அழகானதா என்று கேட்டால், மக்களின் வியர்வையை இத்தகைய ஆடம்பரத்திற் செலவிடும் பெரியோரின் செருக்கை ரூசோவைப்போலக் கண்டித்து நான் விடையிறுக்கலாம். அவ்விடை முழுவதையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும் கேட்கப்பட்ட கேள்வி அதுவன்று என்பது அவர் கூற்றின் சாரம். ஒரு பொருள் இருக்கவேண்டுமென்ற நாட்டமோ, அதனால் வரும் பயனோ கலவாத பார்வையே அழகைத் தீர்ப்பிடவல்லது என்று அவர் கருதினார்.

இக்கூற்றை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. கோபத்தை ரசனையாகவும் கொள்கையைக் கலையாகவும் மயங்கிக்கொள்ளும் குறை நம் முகாமிலும் உண்டு; அக்குறைக்குக் காண்ட் நல்ல மருந்து. ஆனால் அவர் ரூசோவின் கேள்விக்கு விடை கூறவில்லை. அதனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார், அவ்வளவே. மேலும், பயன்நாட்டமற்ற பார்வைக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும், பொழுது கையில் இருக்க வேண்டும், நிற்க ஓர் இடமும் இருக்க வேண்டும். சூரியாஸ்தமனத்தைக் கட்ட யாரும் வியர்வை சிந்தவில்லை. அதனைப் பார்க்கும் மாடத்தைக் கட்டியவர் சிந்தினர். மாடத்துக்கு நிலம் விட்டவர் வேறொன்றையும் இழந்தனர். பார்வை பற்றற்றதாக இருக்கலாம். பார்ப்பவன் நிற்கும் இடம் ஒருபோதும் அப்படி இருப்பதில்லை.

நம் மரபு இவ்விடயத்தில் வேறு வழியிற் சிந்தித்திருக்கின்றது. தொல்காப்பியம் நெய்தலுக்குரிய சிறுபொழுதாக எற்பாட்டைச் சொல்லும். எல் என்பது ஞாயிறு. பாடு என்பது அது படுதல். அது காலையைக் குறிக்கும் என வாதிட்ட அறிஞரும் உளர். ஆயினும் மாலை எனக் கொள்வதே பெருவழக்கு. கடற்கரையையும் கதிரவன் சாயும் பொழுதையும் நம் முன்னோர் பிரிக்கவொண்ணாதபடி இணைத்துவைத்தனர் என்பது மகிழ்தற்குரியது. அதனினும் மனங்கொள்ளத்தக்கது வேறொன்றுண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள் மாத்திரமே. அவற்றோடு கருப்பொருளும் சேர்ந்தாலன்றித் திணை நிரம்புவதில்லை. அக்கருப்பொருளில் மரமும் பறவையும் மட்டுமன்றி உணவும் தொழிலும் இடம்பெறும். தொழிலைச் ‘செய்தி’ என்றே தொல்காப்பியர் குறிக்கின்றார். நெய்தலில் மீன் பிடிப்போரும் உப்பு விளைப்போரும் கட்டாயம் உண்டு. அவர்கள் காட்சியின் ஓரத்தில் நிற்கும் அலங்காரமல்லர். அவர்களின்றி அந்த மாலைக்குப் பொருளே இல்லை. அத்திணையின் உரிப்பொருள் இரங்கல் என்பதும் தற்செயலாக இருக்க முடியாது. கடலுக்குப் போனவன் திரும்புவானா என்று கரையில் நிற்பவர் கேட்கும் பொழுதல்லவா அது?

உல்லாசப் பயணத்துறை செய்வது, நெய்தலிலிருந்து கருப்பொருளை நீக்கி முதற்பொருளை மட்டும் பொட்டலமாகக் கட்டி விற்பதாகும். (தமிழ்நாட்டார் ‘சுற்றுலா’ என்பதை இலங்கைத் தமிழர் ‘உல்லாசப் பயணம்’ என்கின்றோம். யாருடைய உல்லாசம் என்ற கேள்வி அச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றது.) முற்றாக நீக்கிவிடுவதுமில்லை. மாலைக் கடற்கரைப் படங்களைப் பாருங்கள். செவ்வானத்தின் முன் வலை வீசும் மீனவன் ஒருவன் கன்னங்கரிய நிழலுருவாய் நிற்பான். ஒளிமிக்க வானத்துக்கு ஏற்பக் கருவியை அமைத்தால் அதன் முன் நிற்கும் ஆள் கறுப்பாகவே பதிவான். இது புகைப்படக் கலையின் சாதாரண விதி. முகம் தெரியாது, வயது தெரியாது, வலையில் மீன் இருந்ததா என்பதும் தெரியாது. வானம் முழு வண்ணத்தோடு விளங்க, மனிதன் ஒரு கோட்டுருவமாகிறான். ஒரு சமுதாய அமைப்பை இதனினும் செவ்வையாகக் காட்டும் படம் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆலங்குடாக் கரையில் நின்று தெற்கே திரும்பினால் நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் புகைபோக்கி தெரியும். 2011 முதல் 2014 வரை மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கிய 900 மெகாவாட் நிலையம் அது. நாட்டின் விளக்குகளிற் பெரும்பகுதி அதனை நம்பியிருக்கின்றது. படமெடுப்போர் அதனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவர். மீனவனுக்காவது நிழலுருவம் கிடைத்தது. நிலக்கரி இறக்குபவனுக்கு அதுவும் இல்லை.

உழைப்பவனுக்கு அழகுணர்ச்சி இல்லை, பசி ரசனையைக் கொன்றுவிடும் என்று சில கனவான்கள் இரக்கத்தோடு பேசுவதுண்டு. கரையில் வாழ்வோர் வானத்தைப் பார்க்கும் விதத்தை அவர்கள் அறியார். மேற்கில் மேகம் எவ்வாறு அடுக்கியிருக்கின்றது, செம்மை எந்நிறத்திற்கு மாறுகின்றது, காற்று எப்பக்கம் திரும்பும் என்பன கடலோடிக்கு உயிர்ப்பிரச்சினை. அவன் பார்வையிற் பயன்நாட்டம் உண்டு. அதனால் அழகு குறைந்துவிடுவதாக நமக்குத் தெரியவில்லை. தச்சன் நல்ல மரத்தைத் தடவிப் பார்ப்பதில் அழகும் பயனும் எங்கே பிரிகின்றன? மறுபுறம், இவ்வாழ்வைக் கவிதையாக்கிப் போற்றும் மயக்கமும் வேண்டியதில்லை. மாலை வெளிச்சம் மங்குமுன் கருவாட்டைப் பனிபடாமல் அள்ளிச் சேர்க்கும் பெண்ணுக்கு அஸ்தமனம் ஒரு கெடு. நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை. அந்நேரம் அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்பதுதான் நாம் கேட்பது.

இவ்விடத்தில் நம் தோழர் சிலரோடும் முரண்பட வேண்டியிருக்கின்றது. கடற்கரை விடுமுறை பூர்ஷ்வா இன்பம், அதனைத் துறப்பதே நேர்மை என்பர் அவர்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டுமணி நேர வேலை கோரியபோது, எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எஞ்சிய எட்டு மணி தம் விருப்பத்துக்கு என்றே முழங்கினர். 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு இரு வாரச் சம்பளத்துடனான விடுமுறையைச் சட்டமாக்கிற்று. தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்ட தொழிலாளர் குடும்பங்கள் அவ்வாண்டில் ஏராளம். இலங்கையில் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் விடுமுறையை உரிமையாக்கியது. ஆகவே மாலைச் சூரியனை ஆறியமர்ந்து பார்க்கும் உரிமை முதலாளிகளிடம் பெற்ற பிச்சையன்று, போராடி வென்றது. வென்ற உரிமையை வெட்கத்தோடு அனுபவிக்க வேண்டியதில்லை. அன்ரிகுவாத் தீவிற் பிறந்த எழுத்தாளர் ஜமெய்க்கா கின்கெய்ட் தமது ‘ஒரு சிறிய இடம்’ என்ற நூலில் (1988) கூறுவதன் கருத்து இங்கு நினைக்கத்தக்கது: எவ்வூர்க் குடிமகனும் இன்னோர் ஊருக்குப் பயணி ஆகத்தக்கவனே, ஆனால் உலகின் பெரும்பாலோர் எங்கும் போக இயலாத வறியவர். தோட்டத்திற் கொழுந்தெடுக்கும் பெண் கற்பிட்டிக் கடலைப் பார்க்க வரமுடியாதிருப்பதும், கற்பிட்டி மீனவன் மலையகத்து மூடுபனியைப் பார்க்கப் போக முடியாதிருப்பதும் ஒரே கணக்கின் இரு வரிகள்.

வறியவரின் விடுமுறை எப்படியிருக்கும் என்பதற்குத் தலவில ஒரு சான்று. அங்குள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தின் திருவிழாக்கள் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் வருகின்றன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரல்லாதோருங்கூட, குடும்பத்தோடு வந்து தங்குகின்றனர். சட்டி பானை கொண்டுவந்து மணலிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கின்றனர். மாலையில் ஆலயத்துக்கு அப்பால் மேற்குக் கடலில் சூரியன் இறங்கும்போது கரை முழுவதும் மக்கள். அறைக்கு மேற்குச் சாளரம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. பெரும்பாலோர்க்கு அறையே இல்லை. பக்தியைப் பற்றி நமக்கு வேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் கடற்கரையைப் பல்லாயிரவர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் ஒரு முறையை இந்த ஏழை யாத்திரிகர், எந்தத் திட்ட வரைபடமுமின்றி, வழிவழியாக நடத்திவருகின்றனர் என்பதை மறுத்தல் இயலாது.

தமிழ் வாசகருக்கு இக்கரையில் இன்னொரு கணக்கும் உண்டு. அதனைக் கூறாமல் அழகைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னாரிலிருந்து படகேறிய பலர் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். ஆலங்குடாவிலும் சூழவுள்ள இடங்களிலும் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறையும் உண்டு. தமது ஏழ்மைக்கிடையிலும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர் இக்குடாநாட்டு மக்கள். தமிழ் மக்களின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதி அது. இன்று விடுதிகள் வரிசையிட்டிருக்கும் அதே ஆலங்குடாவின் மாலைகளில், அம்மக்கள் மேற்கை நோக்கி நின்றிருப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை. அவர்கள் விட்டுவந்த ஊர் வடக்கே இருந்தது.

இனி, எங்கே நின்று பார்ப்பது? இந்நூற்றாண்டின் ஆசிரியரும் மாணவரும் விடுமுறைக்குச் செல்லத்தான் போகின்றனர். கேள்வி அவர்களுக்கு உண்மையானதே. விடுதியிற் தங்குவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. அங்கு சமைப்போரும் கூட்டுவோரும் அவ்வூர்ப் பிள்ளைகளே. டொல்பின் காட்டப் படகோட்டுபவர்களும் பலர் மீனவரே. ஆயினும் இடம் தேரும்போது, காட்சியைப் பற்றிக் கேட்பதற்கு முன் பாதையைப் பற்றிக் கேட்கலாம். இவ்விடத்திற்கு முன்பு யார் நடந்துவந்தார்கள், இன்றும் வருகிறார்களா? இங்கே இறைக்கப்படும் நன்னீர், மணலுக்கடியில் உவர்நீர் மேல் மிதக்கும் அந்த மெல்லிய படலத்திலிருந்து யாருடைய கிணற்றை வற்றச் செய்து வருகின்றது? வேலி இருந்தால் அது எப்பக்கத்தாரைத் தடுக்கின்றது? ஊரவன் ஒருவன் தன் பிள்ளையோடு வந்து நம் பக்கத்தில் அமர முடியுமா? முடியாதெனில், அங்கே வானம் எத்துணை சிவந்தாலும் அது நாம் அமரத்தக்க இடமன்று. கண்டக்குளியிலோ தலவிலவிலோ படகு ஏற்றியிருக்கும் பொதுக் கரையில், மீன் வாடையும் வலைச் சிக்கலும் நிறைந்த மணலில் உட்காரலாம். கைப்பேசியை உயர்த்துமுன் எதிரிலிருப்பவனின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் கேட்டுக்கொள்ளலாம். நேர் மேற்கே கடலைக் கடந்தால் குமரிமுனை. கற்பிட்டியில் மறைந்த சூரியன் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் கழித்தே அங்கு மறையும், அங்குள்ள மீனவரும் அதே வெளிச்சத்திற் படகு தள்ளுகின்றனர் என்பதை மாணவருக்கு அவ்விடத்தே சொல்லிக் கொடுக்கலாம்.

கரைவலை இழுக்கும் இடத்தையும் முறையையும் மீனவர் ‘பாடு’ என்பர். எந்தப் பாட்டில் யார் எப்போது வலை வளைப்பது என்பதற்கு எழுதியும் எழுதாமலும் விதிகள் உண்டு. இந்தக் கரையில் உரிமை என்ற சொல்லுக்கு முதலிற் பொருள் கொடுத்தவை அவ்விதிகளே. அல்லலையும் நாம் பாடு என்கின்றோம், உழைப்பதைப் பாடுபடுதல் என்கின்றோம். சூரியனின் பாடும் வலையின் பாடும் ஒரே கரையில் ஒரே வேளையில் நிகழ்வதுண்டு. இரு கயிற்றிலும் பத்துப் பதினைந்து பேர் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். முகம் கடலைப் பார்த்திருக்கும், கால் மணலிற் புதையும். சூரியன் முழுதும் இறங்கிய பின்னரும் சில நாள் வலையின் மடி கரைக்கு வந்து சேராது. காட்சி முடிந்ததென்று எழுந்து போகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. கயிற்றில் கை வைக்க ஆள் குறைவாயிருக்கும் வேளையும் பெரும்பாலும் அதுதான்.